நான்காம் நாள் காலை

சென்னையில் நிகழ்த்தப்பெற்ற ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்

 

  

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகு, அடையாறு பக்கமிருந்து வரும் சகோதரர் ஒருவர் தம் மகனுடன் என்னிடம் வந்தார். பையனுக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கிறது. கையில் ஒரு தாளை வைத்திருந்தான். "ஹஜ்ரத், இவன் ஓராண்டு அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தில் படிக்க விண்ணப்பித்திருக்கிறான். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அந்தக் குடும்பத்தாருக்கு இவன் எழுதும் கடிதம் இது. தாங்கள் பார்த்து துஆச் செய்து தர வேண்டும்" என்றார் தந்தை.

வாங்கிப் படித்தேன். தியாகராய நகரில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒருவர் திருத்திக் கொடுத்தாராம். மொழி நன்றாகவே இருந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடுவது, தாயார் சமைக்கும் பிரியாணி, தங்கையோடு போடும் சண்டை எல்லாம் அதில் இருந்தன. தொழுகை என்ற சொல் இல்லை. நோன்பு என்ற சொல் இல்லை. கடைசி வரியில், தான் எந்த உணவையும் உண்பதாகவும் எந்தச் சூழ்நிலைக்கும் ஒத்துப்போவதாகவும் எழுதியிருந்தான். "தம்பி, எந்த உணவையும் உண்பாயா?" என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். தந்தைதான் பதில் சொன்னார்: "அப்படி எழுதினால்தான் எடுப்பார்கள் ஹஜ்ரத். ஹலால், தொழுகை, நோன்பு என்றெல்லாம் எழுதினால் எந்த வீட்டார் ஏற்றுக்கொள்வார்கள்?"

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் நாவின் நுனி வரை வந்த சொல் "அனுப்பாதீர்கள்" என்பதுதான். அதைச் சொல்வது எனக்கு எளிது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த பிறகு, இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளில் நான் விசாரித்து அறிந்ததையும், மார்க்கத்தில் தேடிப் பார்த்ததையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். நம் மஹல்லாவில் இத்தகைய கடிதம் இனியும் எழுதப்படும் அல்லவா?

முதலில் இந்தப் பயணம் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளி மாணவர்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்பி, ஒரு கல்வியாண்டு முழுவதும் அங்குள்ள ஒரு குடும்பத்தில் தங்க வைக்கும் ஏற்பாடு இது. பழைய அமைப்புகளில் ஒன்று ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயம்பட்ட வீரர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்கள் உண்டாக்கியது அது. இரண்டு போர்களின் அழிவையும் கண்ட அந்த ஓட்டுநர்கள், 1947 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பும் பணியில் இறங்கினார்கள். ரோட்டரி சங்கங்களும் இத்தகைய பரிமாற்றத்தை நடத்துகின்றன. நம் சமுதாயத்தோடு நேரடித் தொடர்புடையது 2002ஆம் ஆண்டு அமெரிக்க அரசு தொடங்கிய 'யெஸ்' என்னும் திட்டம். முந்தைய ஆண்டின் செப்டம்பர் 11 நிகழ்வுக்குப் பின், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களை அரசுச் செலவில் வரவழைக்க வேண்டும் என்று கென்னடி, லூகர் என்ற இரு செனட்டர்கள் முன்னின்று கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்தும் ஏ.எஃப்.எஸ். வழியாக மாணவ மாணவியர் இதில் சென்று வந்திருக்கிறார்கள். அரசுப் பணத்தில் நடப்பது என்பதால் ஓராண்டு இருப்பது மறு ஆண்டு சுருங்கலாம், நிற்கவும் நிற்கலாம். விண்ணப்பிக்கும் ஆண்டின் நிலவரத்தை அவரவரே கேட்டறிய வேண்டும்.

ஒரு செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் இப்படிப் பள்ளி மாணவர்களை ஏற்கும் குடும்பத்தாருக்கு வாடகையோ கூலியோ கொடுக்கப்படுவதில்லை. கொடுக்கக் கூடாது என்பதே அங்குள்ள அரசு விதி. பத்து மாதம் முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்கு இடமும் உணவும் தருகிறார்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கூட்டிச் செல்கிறார்கள். சகோதரர்களே, மயிலாப்பூரில் இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் நாம், கூலி வாங்காமல் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையைப் பத்து மாதம் வைத்துக்கொள்வோமா? நம்மில் சிலர் சொந்தத் தங்கை மகனையே ஒரு வாரத்திற்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. நான் குறை சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒரு பொன்மொழி என் நினைவுக்கு வந்தது. அபூ ஷுரைஹ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. விருந்தோம்பல் மூன்று நாட்கள். அதற்கு மேல் வீட்டார் செய்வது தர்மம். வீட்டாருக்குச் சங்கடம் உண்டாகும் அளவுக்கு விருந்தாளி தங்கிவிடுவது ஆகாது என்பது அதன் கருத்து. இந்த நபிமொழியை நாம் எப்போதும் வீட்டாருக்கான பாடமாகவே பயான்களில் சொல்கிறோம். விருந்தாளிக்கான பாடத்தை மெதுவாகக் கடந்துவிடுகிறோம். மூன்று நாள் முடிந்து நான்காம் நாள் காலை விடிந்ததும், அந்த வீட்டில் அவன் உண்ணும் ஒவ்வொரு கவளமும் ஸதகா. பத்து மாதம் தங்கப் போகும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டாமா?

தொழுகைச் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகள் பலர், வெளிநாட்டில் இருக்கும் வரை தாம் முஸாஃபிர் என்றும், ஆண்டு முழுவதும் தொழுகையைச் சுருக்கலாம், நோன்பைத் தள்ளிப் போடலாம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஷாஃபிஈ மத்ஹபின்படி, சென்று சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தாலே பயணிக்குரிய சலுகை நீங்கிவிடும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள். பத்து மாத எண்ணத்தோடு செல்பவன் இரண்டு மத்ஹபின்படியும் அங்கே போய் இறங்கியதும் முகீம், ஊரில் குடியிருப்பவன். தொழுகையில் பயணியாக இல்லாதவன் சாப்பாட்டு மேசையில் மட்டும் பயணியாக இருப்பது எப்படிப் பொருந்தும்?

அந்தப் பையனிடம், "வீட்டில் என்னென்ன வேலை செய்வாய்?" என்று கேட்டேன். யோசித்தான். தண்ணீர் கேன் வந்தால் எடுத்து உள்ளே வைப்பானாம். அவ்வளவுதான். உண்ட தட்டைத் தாயார் எடுக்கிறார். துவைத்த சட்டை மடித்து அலமாரிக்கு வந்துவிடுகிறது. சுப்ஹுக்கு எழுப்புவதும் தாயார்தான்; மூன்று முறை அழைக்க வேண்டும், நான்காம் முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்தப் பிள்ளையை நாம் அப்படியே பெட்டியோடு விமானத்தில் ஏற்றினால், ஈமானை இழந்துவிடுவானோ என்று அஞ்சுவதற்கு முன், முதல் வாரத்திலேயே அந்த வீட்டாருக்குப் பாரமாகிவிடுவானே என்று அஞ்ச வேண்டும். 'முஸ்லிம் பிள்ளை இப்படித்தான் போலும்' என்று அவர்கள் நினைத்துக்கொள்ளவும் கூடும்.

ஸஹாபாக்களின் வாழ்க்கையைப் பாருங்கள். மக்காவிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு மதீனாவின் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களை நபி (ஸல்) சகோதரராக்கினார்கள். ஸஅத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று, சில நாட்களில் சொந்தக் காலில் நின்றார். கொடுப்பவரின் பெருந்தன்மையை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். கடைவீதியைக் கேட்டவரின் தன்மானமும் அதே ஹதீஸில்தான் இருக்கிறது.

இதில் என் சொந்தக் கதை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இமாமத்துக்கு நான் முதன்முதலில் சென்ற ஊரில், அக்கால வழக்கப்படி, மஹல்லாவில் நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து எனக்குச் சாப்பாடு. ஒரு வீட்டில் வயதான அம்மையார் ஒருவர், கணவர் இல்லை. அவர் முறை வரும் நாளில் குழம்பில் உப்பு கூடுதலாக இருக்கும். இளவயதுத் திமிரில் ஒரு நாள் பாதியை அப்படியே வைத்துவிட்டு, தட்டைக்கூட நகர்த்தாமல் எழுந்து வந்தேன். அடுத்த முறை சென்றபோது அந்த அம்மையார், "ஹஜ்ரத், எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, உப்பை விரலால் தொட்டுத்தான் போடுகிறேன். இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் போடச் சொன்னேன்" என்றார். அன்று உண்ட சோறு என் தொண்டையில் இறங்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள் என்ற ஹதீஸை மதரஸாவில் மனனம் செய்து பரீட்சை எழுதியவன்தான் நான்.

சரி, கடிதத்துக்கு வருவோம். அந்தத் தந்தையின் அச்சம் பொய்யான அச்சம் அல்ல. மகன் தேர்வாகாமல் போய்விடுவானோ என்ற தவிப்பு அவருக்கு. ஆனால் நுபுவ்வத்தின் ஐந்தாம் ஆண்டில், கி.பி. 615 வாக்கில், அபிசீனியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். குறைஷிகளின் கொடுமை தாளாமல் சென்ற முஸ்லிம்கள் அங்கே கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியின் நிழலில் தங்கியிருந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்டு மக்காவிலிருந்து தூதர்கள் வந்துவிட்டார்கள். அரசவைக்கு அழைப்பு வருகிறது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றி மன்னர் கேட்டால் என்ன சொல்வது என்று தங்களுக்குள் ஆலோசித்தார்கள். மன்னருக்குப் பிடித்ததைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், வருவது வரட்டும், நபியவர்கள் கற்றுத் தந்ததையே சொல்வோம் என்று முடிவு செய்தார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்கள் எழுந்து அவ்வாறே சொன்னார்கள். மன்னர் அவர்களைத் துரத்தவில்லை. வந்த தூதர்களைத்தான் வெறுங்கையோடு அனுப்பினார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு, கைபர் வெற்றியின் நேரத்தில்தான் மதீனா வந்து சேர்ந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்நிய மண்ணில் வாழ்ந்த வாழ்க்கை அது. பொய்யான கடிதத்தின் மீது அத்தனை காலம் ஒருவர் வாழ முடியுமா? பத்து மாதம்தான் முடியுமா? எதையும் உண்பேன் என்று எழுதியவனுக்கு முதல் நாள் இரவே அன்போடு பன்றி இறைச்சியை வைத்தால், தவறு வைத்தவர் மீதா, எழுதியவன் மீதா?

உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் அபூ அய்யூப் அல் அன்ஸாரீ (ரலி) அவர்களின் இல்லத்தில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் தங்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வீட்டார் உணவு அனுப்புவார்கள். மீதி திரும்பி வரும்போது நபியவர்களின் விரல் பட்ட இடத்தைத் தேடி அங்கிருந்து இவர்கள் உண்பார்கள். ஒரு நாள் உணவு தொடப்படாமல் திரும்பி வந்தது. அபூ அய்யூப் பதறிப்போய், இது ஹராமா என்று கேட்கிறார். இல்லை, இதில் உள்ள பூண்டின் வாடை எனக்கு விருப்பமில்லை என்று காரணத்தைச் சொன்னார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இது வருகிறது. உணவை இகழவில்லை, சமைத்தவரைப் பழிக்கவில்லை, தமக்கு விருப்பமில்லாததை அவர்கள் மீது தடையாகவும் சுமத்தவில்லை. நம் பிள்ளை அந்த மேசையில் பேச வேண்டிய மொழி இதுதான்.

எனவே பையனைப் பள்ளிவாசல் வராந்தாவில் உட்கார வைத்து, கடிதத்தை மறுபடியும் எழுதச் சொன்னேன். பன்றியும் மதுவும் எனக்கு ஆகாது. மீன், முட்டை, காய்கறி இருந்தால் போதும். எனக்காகத் தனியாகச் சமைக்க வேண்டாம், சமையலில் நானும் உதவுவேன் என்று எழுதினான். நாளைக்கு ஐந்து வேளை தொழுவேன், ஒவ்வொன்றுக்கும் ஐந்து பத்து நிமிடம் போதும், அறையின் ஒரு மூலை போதும் என்று எழுதினான். ரமளானில் விடியுமுன் தானே எழுந்து சத்தமில்லாமல் உண்டுகொள்வதாகவும் எழுதினான். நாயைப் பற்றியும் எழுதச் சொன்னேன். அங்கே பல வீடுகளில் நாய் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. விண்ணப்பத்திலும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கிறது. அது முடியுமா முடியாதா என்பதை இங்கே இருக்கும்போதே முடிவு செய்து எழுத வேண்டும். அங்கே போய் முகம் சுளிக்கக் கூடாது. இறைச்சி விஷயத்தில் வேதக்காரர்கள் அறுத்தது பற்றி அறிஞர்களிடையே விரிவான பேச்சு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து ஒரே முடிவோடு பிள்ளை புறப்படட்டும். அங்கே போய் பசிக்கிற நாளில் ஒரு ஃபத்வா, பசிக்காத நாளில் ஒரு ஃபத்வா என்று தேட வேண்டாம். பெப்பரோனி என்று பீட்சாவின் மேல் வருவதில் பெரும்பாலும் பன்றி கலந்திருக்கும் என்பதையும், மிட்டாய்களில் உள்ள ஜெலட்டின் பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

குளியலறை பற்றி ஒரு வார்த்தை. இதைக் குத்பாவில் பேசுகிறாரே என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்நாட்டு வீடுகளில் குளியலறைத் தரையில் நம் வீடுகளைப் போல நீர் வடியும் துவாரம் பெரும்பாலும் இருக்காது. நம் பிள்ளை ஐந்து வேளை உளூச் செய்து, கால் கழுவி, தரையெல்லாம் நீராக்கிவிட்டு வந்தால், மர வீட்டில் அந்த நீர் கீழ்த்தளத்துக் கூரைக்கு இறங்கும். அபூ அய்யூப் (ரலி) அவர்கள் மாடியில் இருந்தபோது ஓர் இரவு தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. கீழே இருக்கும் நபியவர்கள் மீது ஒரு சொட்டும் விழுந்துவிடக் கூடாதே என்று, கணவனும் மனைவியும் தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அந்த நீரைத் துடைத்து எடுத்தார்கள். உளூச் செய்தபின் தரையைத் துடைக்க ஒரு துணி வைத்துக்கொள் என்று பையனிடம் சொன்னபோது இந்த வரலாற்றையும் சொன்னேன். சிரித்தான். ஆனால் மறக்க மாட்டான். அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பிறர் வீட்டில் நுழைய அனுமதியும் ஸலாமும் வேண்டும் என்கிறது. அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம், விருந்துண்ட பின் பேச்சில் ஆழ்ந்து உட்கார்ந்துவிடுவது நபியவர்களுக்குச் சங்கடமாக இருந்ததையும், அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டதையும் எடுத்துக்காட்டுகிறது. வீட்டார் வாய் திறந்து சொல்ல வெட்கப்படுவதைத் தானாகவே உணரும் பழக்கம் பிள்ளைக்கு இங்கேயே வர வேண்டும்.

தொழுகை நேரம் அங்கே மாறிக்கொண்டே இருக்கும். சென்னையில் மஃரிப் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்பின் ஆகிறது. அமெரிக்காவின் வடக்கில் மினசோட்டா போன்ற மாநிலத்தில் டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பது மணி ஆகும், இஷா பத்தரையைத் தாண்டும். குளிர்காலத்தில் லுஹரும் அஸரின் தொடக்கமும் பள்ளி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாணவன் தன் ஓய்வு நேரத்தில் தானாகத் தொழுவதற்குச் சட்டத்தில் தடையில்லை. முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேட்டுவிட வேண்டும். ஜுமுஆ நடக்கும் பள்ளிவாசல் எட்டும் தூரத்தில் இல்லையானால் லுஹர் தொழ வேண்டும். கிப்லாவும் மாறும். இங்கே மேற்குத் திசையை நோக்கி நின்று பழகிய பிள்ளை அங்கே பெரும்பாலான இடங்களில் வடகிழக்கை நோக்கி நிற்க வேண்டும். விமானம் இறங்கிய களைப்பில் பழக்கத்தால் மேற்கே நின்றுவிடுவான். இப்போதைய ஆண்டுகளில் ரமளான் குளிர்காலத்தில் வருவதால் பகல் குறுகியது. அல்லாஹ் அதை இலேசாக்கியிருக்கிறான். நோன்புக் கஞ்சி வைக்க அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். அரிசியும் பருப்பும் வெந்தயமும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு நாள் அந்த வீட்டாருக்கும் வைத்துக் கொடுக்கட்டும்.

மாற்றுமதத்தார் வீட்டில் உண்பதும் தங்குவதும் நமக்குப் புதிதா? மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் சூஃபிதார் என்ற அமைப்பு இருக்கிறது. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் என்ற பெரியவர் நிறுவியது. அங்குள்ள சிந்தி இந்து அன்பர்கள் பல பத்தாண்டுகளாக ரமளானில் உணவு சமைத்து, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்து நோன்பாளிகளுக்குப் பரிமாறுகிறார்கள். பள்ளிவாசலின் மரியாதை கருதி தலையில் தொப்பி அணிந்து பரிமாறுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் அந்த வரிசையில் அமர்ந்து நோன்பு திறந்திருக்கிறோம்! எழுந்து போகுமுன் பரிமாறியவரின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இனி பெற்றோருக்கு மட்டும் சில செய்திகள். பெண் மக்களை அனுப்புவது பற்றிச் சிலர் கேட்டார்கள். மஹ்ரம் இல்லாத பயணம் குறித்த நபிமொழி தெளிவானது. அதன் அடிப்படையில் மார்க்க அறிஞர்கள் பலர் இதை அனுமதிப்பதில்லை. சென்று வந்த பெண்களும் உண்டு. அது தனியே உட்கார்ந்து ஆலிமிடம் பேச வேண்டிய விஷயம். மிம்பரில் நின்று ஒரு வரியில் முடிக்க மாட்டேன்.

பாதுகாப்பு விஷயத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள். அமெரிக்க விதிகளின்படி, ஏற்கும் வீட்டை முன்கூட்டியே நேரில் பார்க்க வேண்டும். அவ்வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் சோதிக்கப்பட வேண்டும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும். அறையைப் பகிர்ந்தால் அதே பாலினத்தவர் ஒருவரோடு மட்டும். உள்ளூர்ப் பொறுப்பாளர் மாதம் ஒரு முறையாவது பிள்ளையிடம் பேச வேண்டும். ஒவ்வொன்றும் நடந்ததா என்று எழுத்தில் கேட்கலாம். பொறுமை, ஷுக்ர் என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் உப்புக் கூடிய குழம்புக்கு. யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால், அச்சுறுத்தினால், பசியோடு வைத்தால், அங்கே பொறுமை காட்டுவது மார்க்கம் அல்ல. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்கு ஆளாகவும் கூடாது என்பது நபிவழி. உடனே பொறுப்பாளரிடம் சொல், வீட்டை மாற்றக் கேள், அதனால் நம் குடும்ப மானம் போய்விடாது என்ற வார்த்தையைத் தந்தையின் வாயிலிருந்து பிள்ளை காதால் கேட்டிருக்க வேண்டும். சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிடாதீர்கள்.

படிப்பில் ஓராண்டு தள்ளிப்போகும். திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதை இங்குள்ள பள்ளியில் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். இதை அங்கே குடியேறும் வழியாகவும் எண்ண வேண்டாம். அரசுச் செலவில் செல்பவர்கள் அங்கு வேலை விசாவோ குடியேற்ற விசாவோ பெறுமுன் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. பாண்டி பஜாரில் ஸ்வெட்டர்களை வாங்கிப் பெட்டியை அடைக்கவும் வேண்டாம். நம் ஊர்க் கம்பளி அந்தக் குளிரைத் தாங்காது. அந்த இடத்தில் ஒரு பத்தமடைப் பாயைச் சுருட்டி வையுங்கள். நெல்லைச் சீமையில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் கோரைப் புல்லில் நெய்வது. வீட்டாருக்குக் கொடுக்க எளிய, கண்ணியமான பரிசு.

தாய்மார்களே, கடைசியாக உங்களிடம். மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவரைப் போன்ற சம வயது இளைஞர்களும் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். பிள்ளைகளுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டது என்பதை நபியவர்கள் அவர்கள் சொல்லாமலே கண்டுகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள், என்னைத் தொழக் கண்டவாறே தொழுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். புகாரியில் உள்ள இந்த ஹதீஸின் அறிவிப்பாளர் அந்த இளைஞர்களில் ஒருவரே. நபியவர்கள் அன்பும் இரக்கமும் உடையவர்களாக இருந்தார்கள் என்பதை அவர் குறிப்பிட்டுச் சொல்கிறார். உங்கள் பிள்ளைக்கும் ஏக்கம் வரும். இருபதாம் நாளுக்கு முன்பே வரும். அப்போது தொலைபேசியில் நீங்களும் சேர்ந்து அழுதால் அவன் அங்கே நிற்க மாட்டான். நாளைக்கு மூன்று முறை வீடியோவில் அழைத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருந்தால், அந்த வீட்டாரோடு பேச அவனுக்கு நேரம் இருக்காது. வாரம் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுத் தாயின் உடல்நலத்தையும் கேளுங்கள்.

அந்தப் பையன் புதிய கடிதத்தை அனுப்பிவிட்டான். எந்தக் குடும்பமும் இன்னும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, தேர்ந்தெடுக்காமலும் போகலாம். தந்தை நேற்றும் என்னிடம் வந்து, "பழைய கடிதமே இருந்திருக்கலாமோ ஹஜ்ரத்?" என்று கேட்டார். காத்திருங்கள் என்று மட்டும் சொன்னேன். பையனின் தாயார் சொல்லி அனுப்பிய செய்தி ஒன்று உண்டு. மூன்று வாரமாக அவன் கைபேசியில் அலாரம் வைத்து சுப்ஹுக்குத் தானாக எழுகிறானாம். இரண்டு நாள் தவறிவிட்டது; அவர் எழுப்பவில்லை, கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். தட்டைக் கழுவி வைக்கிறான், ஆனால் தண்ணீரை வீணாக்குகிறான் என்று ஒரு புகாரும் இருக்கிறது.

வல்ல அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கும், அவன் பெற்றோருக்கும், இன்னும் பெயர் தெரியாத அந்த வீட்டாருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.